ஆறு பேர் லிஃப்ட்

மேடவாக்கத்துக்கு அந்தப் பக்கம், ஒரு காலத்தில் ஏரியாக இருந்த இடத்தில், பூங்கொடி என்க்ளேவ் என்று ஓர் அடுக்குமாடிக் கட்டடம் இருக்கிறது. அதன் தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவன் அடியேன். உரிமையாளர் சங்கத்தின் பைலாப்படி, வாடகைக்காரன் கூட்டத்துக்கு வரலாம், உட்காரலாம், டீ குடிக்கலாம். வாயைத் திறந்து பேச மட்டும் கூடாது. எனக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. சர்க்கஸ் பார்க்கப் போனால் நாம் என்ன பேசவா போகிறோம்?

சங்கத்தின் தலைவர் குஞ்சிதபாதம். ஏதோ ஓர் அரசாங்க அலுவலகத்தில் சூப்பிரண்டெண்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். யாராவது தும்மினால்கூட, "இது சம்பந்தமா முன்னாடி ஏதாவது தீர்மானம் போட்டிருக்கோமா?" என்று கேட்பார். செயலாளர் எத்திராஜுலு நல்ல ஆகிருதியான மனிதர். தலைவர் சொன்னதையே கொஞ்சம் சத்தமாகத் திருப்பிச் சொல்வது அவர் வேலை. பொருளாளர் தவமணி டீச்சர், கணக்கு டீச்சராக இருந்தவர். பூங்கொடியில் மூளை என்று ஒன்று தேவைப்பட்டால் எல்லாரும் டீச்சர் பக்கம்தான் திரும்புவார்கள். வினையே அங்கேதான் ஆரம்பிக்கும்.

இவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதற்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். பார்க்கிங்கில் ஒரு தெருநாய் வந்து படுக்க ஆரம்பித்தது. விரட்டலாம் என்றால், "எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுக்காம யாரையும் வெளியேத்தாதீங்க, கேஸ் ஆயிடும்" என்று எப்போதோ ஒரு வக்கீல் சொல்லி வைத்திருந்தார். அதனால் நாய்க்கு நோட்டீஸ் அடித்தார்கள். எத்திராஜுலு அதை மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினார். நாய் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "வாங்க மறுத்தார்" என்று எழுதி, அது படுத்திருந்த தூணிலேயே ஒட்டிவிட்டு வந்தார்கள். நாய் இன்னும் அங்கேதான் படுக்கிறது. அதன் பதிலுக்காகத் தலைவர் காத்துக்கொண்டிருக்கிறார்.

சரி, லிஃப்ட் கதைக்கு வருகிறேன்.

மூன்றாவது மாடியில் சிவக்கொழுந்து என்று ஒருத்தர். மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார். தங்கமான மனுஷன், ஆனால் பதற்றக்காரர். அவருடைய ஒரே மகள் மதிவதனியும், அவளோடு வேலை பார்க்கும் இளம்பரிதி என்கிற பையனும் ஒருத்தரை ஒருத்தர் விரும்பினார்கள். இரண்டு வீட்டிலும் பேசியாயிற்று, ஜாதகமும் பார்த்தாயிற்று. பாக்கி இருந்தது பையனின் அம்மா அகிலாண்டத்தின் சம்மதம் மட்டும்தான். அந்த அம்மாள் வேலூரிலிருந்து போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

"பொண்ணை நான் அவங்க வீட்டுலதான் பார்ப்பேன். கோயில்ல பார்த்தா எல்லாப் பொண்ணும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஞாயித்துக்கிழமை வர்றோம். ஆனா ஒண்ணு. எனக்கு ரெண்டு முட்டியிலயும் ஆபரேஷன் ஆயிருக்கு. படி ஏறச் சொன்னீங்க, அப்படியே திரும்பிப் போயிடுவேன்."

லிஃப்டோ பொங்கலுக்கு முன்னாடியே படுத்துவிட்டது. சிவக்கொழுந்து தலைவரின் காலில் விழாத குறை. "சார், என் பொண்ணு வாழ்க்கையே இந்த லிஃப்ட்லதான் தொங்குது சார்" என்று அழுதுவிட்டார். தலைவருக்கும் மனசு இளகி, வெள்ளிக்கிழமையே மெக்கானிக்கை வரவழைத்தார்.

மெக்கானிக் வந்தான், எதையோ கழற்றினான், எதையோ மாட்டினான். லிஃப்ட் உயிர் பிழைத்தது. அவன் சாப்பாட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் தலைவர் அவனை நிறுத்தி, "தம்பி, இது எப்படி மேல போகுது?" என்று கேட்டார்.

"மேல கப்பி இருக்கு சார். ஒரு பக்கம் இந்தக் கூண்டு, இன்னொரு பக்கம் இரும்பு வெயிட்டு. வெயிட்டு கீழ வந்தா கூண்டு மேல போவும். தராசு மாதிரின்னு வெச்சுக்கங்களேன். இது ஆறு பேர் லிஃப்ட் சார்."

பசியில் அவன் இவ்வளவுதான் சொன்னான். பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டான். அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம் கூடியது.

"டீச்சர், அவன் சொன்னதைக் கேட்டீங்களா?" என்றார் தலைவர். "தராசாம்."

"கேட்டீங்களா டீச்சர்? தராசாம்!" என்றார் எத்திராஜுலு.

தவமணி டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ கஷ்டகாலம் என்று அர்த்தம்.

"தலைவரே, தராசுல ஒரு தட்டுல பெரிய எடைக்கல்லை வைக்கிறோம். இன்னொரு தட்டுல ஒரே ஒரு கத்தரிக்காய். கத்தரிக்காய் என்ன ஆகும்?"

"மேல போகும்."

"எப்படிப் போகும்?"

"சட்டுன்னு போகும்."

"அந்தப் பக்கம் ஆறு பேருக்குச் சமமான இரும்பு தொங்குது. இந்தப் பக்கம் நீங்க ஒருத்தர் மட்டும் ஏறுறீங்க. இப்ப யாரு கத்தரிக்காய்?"

தலைவரின் முகம் வெளிறிப் போய்விட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஐயையோ! நான்தான்!" என்றார்.

"மிஷின் ரூமைப் பொத்துக்கிட்டு ஆகாசத்துக்குப் போயிடுவீங்க" என்று டீச்சர் அமைதியாகச் சொன்னார். கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. இத்தனை வருஷம் இதில் தனித்தனியாகப் போய் வந்தோமே, கடவுள்தான் காப்பாற்றினார் என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆறு பேருக்குக் குறையாமலும் மிகாமலும்தான் லிஃப்டில் ஏற வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. உடனே எத்திராஜுலு எழுந்தார். தன் வயிற்றைத் தடவிக்கொண்டு, "என்னை ஒரு ஆளா எடுத்துப்பீங்களா, ரெண்டா எடுத்துப்பீங்களா?" என்றார்.

"ஒரு ஃப்ளாட்டுக்கு ஒரு ஓட்டுதான்யா. எடை பார்த்தா ஓட்டுப் போடுறோம்? நீங்க ஒரு ஆள்தான்" என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார்.

அடுத்து என் விவகாரம் வந்தது. வாடகைக்காரனை ஆறில் ஒருத்தனாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாமா, கூடாதா? இதற்கு மட்டும் அரைமணி நேரம் பிடித்தது. ஓட்டுரிமை இல்லாதவனுக்கு எடை எப்படி இருக்க முடியும் என்று ஒரு கட்சி. கடைசியில் டீச்சர் பெரிய மனசு பண்ணி, எனக்கு எடை உண்டு, ஆனால் பட்டனை அழுத்தும் உரிமை கிடையாது என்று முடித்துவைத்தார். நான் நன்றியோடு தலையாட்டினேன்.

சனிக்கிழமை காலையில் வெள்ளோட்டம். தலைவர், செயலாளர், டீச்சர், சிவக்கொழுந்து, அவர் மனைவி அபிராமி, ஆறாவதாக நான்.

"எல்லாரும் ஒண்ணா காலை வைக்கணும்" என்று டீச்சர் எச்சரித்தார். "முன்னாடி வைக்கிறவங்க கத்தரிக்காய்."

எத்திராஜுலுவின் அகலமே அந்தக் கதவின் அகலம். ஆறு பேரும் ஒன், டூ, த்ரீ சொல்லி ஒரே சமயத்தில் பாய்ந்தோம். என் செருப்பு ஒன்று வெளியிலேயே நின்றுவிட்டது. எப்படியோ கதவு மூடி, லிஃப்ட் மெதுவாக ஏறியது. "பார்த்தீங்களா, எவ்வளவு பொறுமையாப் போகுது! எல்லாம் ஆறு பேரால" என்று தலைவர் பூரித்துப் போனார்.

இரண்டாவது மாடி வந்தது. அது தலைவரின் வீடு இருக்கும் மாடி. இறங்கலாம் என்று காலை எடுத்தவரின் சட்டையை டீச்சர் எட்டிப் பிடித்தார்.

"எங்க போறீங்க?"

"என் வீட்டுக்கு."

"நீங்க இறங்கினா உள்ளே எத்தனை பேர்?"

தலைவர் எண்ணிப் பார்த்துவிட்டு காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அவருடைய மனைவி வாசலில் நின்று, "ஏங்க, காபி ஆறிப்போகுது, உள்ளே வாங்க" என்றார். "முடியாதும்மா, பொறுப்பு இருக்கு" என்றார் இவர். பாவம், அந்த அம்மாள் டம்ளரை லிஃப்டுக்குள்ளேயே நீட்டினார். தலைவர் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கதவு மூடியது.

மூன்றாவது மாடியில் சிவக்கொழுந்துவும் அபிராமியும் தங்கள் வீட்டுக் கதவை ஏக்கத்தோடு பார்த்தார்கள். அவர்களும் இறங்கவில்லை. எப்படி இறங்குவார்கள்? கடைசியில் ஆறு பேரும் கீழே வந்து, ஒன், டூ, த்ரீ சொல்லி ஒன்றாக வெளியே குதித்தோம். எத்திராஜுலு என் மேல் விழுந்தார். அதற்குப் பிறகு அவரவர் படியேறி வீட்டுக்குப் போனார்கள்.

"வெள்ளோட்டம் பிரமாதம்" என்றார் டீச்சர். "ஏறின அத்தனை பேரும் பத்திரமாத் திரும்பி வந்துட்டோம்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. சிவக்கொழுந்து பட்டு வேட்டியில் கீழே நின்று வாசலையும் லிஃப்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து கேசரி வாசனை வந்தது. பத்து மணிக்குக் கார் வந்து நின்றது. பையன் இளம்பரிதி இறங்கினான், அவன் அப்பா இறங்கினார், பிறகு கைத்தடியோடு அகிலாண்டம்மாள் இறங்கினார். கம்பீரமான அம்மாள். கண்ணைப் பார்த்தாலே ஸ்கூல் ஞாபகம் வந்து நிமிர்ந்து நிற்கத் தோன்றும்.

"வாங்கம்மா, வாங்க" என்று தலைவர் கும்பிட்டார். "நீங்க மூணு பேர், நாங்க மூணு பேர். கணக்கு சரியா இருக்கு. ஒண்ணா உள்ள குதிக்கணும். மேல போனதும் ஒண்ணா வெளிய குதிக்கணும்."

"குதிக்கணுமா?" என்றார் அகிலாண்டம்மாள்.

"ஆமாம்மா. குதிக்கணும்" என்று எத்திராஜுலு சத்தமாக விளக்கினார்.

"எனக்கு முட்டியில ஆபரேஷன்னு சொன்னேனே. நடக்கறதே பெரும்பாடு. குதிக்கச் சொல்றீங்க?"

சிவக்கொழுந்து தலைவரிடம் ஓடினார். அவரும் அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்தான், அவருக்கும் கத்தரிக்காய் பயம் உண்டு. "தலைவரே, ஏதாவது வழி பண்ணுங்க. அரிசி மூட்டைகளை உள்ளே வெச்சிடலாமா? அதுங்க இறங்க வேண்டாமே. அந்த அம்மா மட்டும் நிதானமா ஏறி இறங்கட்டும்."

நல்ல யோசனைதான். ஆனால் தலைவர் நெற்றியைச் சுருக்கினார். "மூட்டையை ஆள் கணக்குல சேர்க்கணும்னா, அது உரிமையாளரா, வாடகைக்காரரா?"

"அது முதல்ல தெரியணும்" என்றார் செயலாளர்.

"மூட்டை வெளியூர்லேருந்து வந்தா விருந்தாளி" என்றார் டீச்சர். "விருந்தாளி தங்கறதுன்னா செயலாளருக்கு முன்கூட்டியே தெரியப்படுத்தணும்."

விவாதம் சூடு பிடித்தது. சிவக்கொழுந்து ஒவ்வொருத்தர் கையையும் பிடித்துக் கெஞ்சினார். "என் பொண்ணு மேல காத்துக்கிட்டு இருக்காய்யா! அவளுக்கு இந்தப் பையனைத் தவிர வேற நினைப்பே இல்லய்யா! இந்தம்மா திரும்பிப் போயிட்டா நான் அவ முகத்துல எப்படி முழிப்பேன்?" சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். தலைவர் என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார்.

அகிலாண்டம்மாள் இவ்வளவையும் கைத்தடியில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தலைவரைப் பார்த்து, "ஏம்ப்பா, இது ஓடுமா ஓடாதா?" என்று கேட்டார்.

"ஓடும்மா. தாராளமா ஓடும். எங்க பயமே அதுதான்."

"மூணாவது மாடிக்கு எந்த பட்டன்?"

"மூணுதாம்மா" என்று கேட்டதற்கு எத்திராஜுலு ஒழுங்காகப் பதில் சொன்னார்.

அந்த அம்மாள் கைத்தடியை ஊன்றி உள்ளே போனார், பட்டனை அழுத்தினார். கதவு மூடிக்கொண்டது.

பூங்கொடி என்க்ளேவில் அப்படி ஓர் அலறலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. "தனியாப் போயிட்டாங்க! சம்பந்தியம்மா தனியாப் போயிட்டாங்களே!" என்று சிவக்கொழுந்து தலையில் அடித்துக்கொண்டார்.

டீச்சர் மட்டும் நிதானம் இழக்கவில்லை. "அழுது பிரயோஜனம் இல்ல. மேல போனது எப்படியும் கீழ வரும். மொட்டை மாடியில பிடிச்சுடலாம். ஜமக்காளம்! ஜமக்காளத்தை எடுங்க!"

சங்க அறையில் கூட்டத்துக்கு விரிக்கும் பெரிய ஜமக்காளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு படியில் ஓடினார்கள். முன்னால் தலைவர், பின்னால் செயலாளர், சிவக்கொழுந்து, டீச்சர். நாலு முனைக்கு நாலு பேர் சரியாக இருந்தார்கள். ஆனால் முதல் மாடியிலேயே டீச்சருக்கு மூச்சு வாங்கியது. "டெனன்ட் சார், என் முனையை நீங்க பிடிங்க, நான் மேல வந்து டைரக்‌ஷன் சொல்றேன்" என்று என்னைக் கோத்துவிட்டார். பையனும் அவன் அப்பாவும் எங்களுக்கு வழிவிட்டு ஓரமாக ஏறி வந்தார்கள். "அவ யாரு சொல்லியும் கேட்க மாட்டா, விடுங்க" என்று அந்த அப்பா மட்டும் ஆறுதல் சொன்னார்.

மூன்றாவது மாடியைத் தாண்டும்போது நான் திரும்பிப் பார்த்தேன். லிஃப்ட் கதவு திறந்திருந்தது. அபிராமி அந்த அம்மாளுக்குக் குங்குமம் நீட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் யாரும் இதைப் பார்க்கவில்லை. அவர்கள் ஆகாசத்தைப் பார்த்தபடியே ஓடினார்கள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. பைலா என்றால் பைலாதான்.

மொட்டை மாடியில் வெயில் கொளுத்தியது. மிஷின் ரூமுக்குப் பக்கத்தில் ஜமக்காளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம். மூச்சு வாங்க வந்து சேர்ந்த டீச்சர், கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு வானத்தை அளந்தார்.

"தெரியுதா டீச்சர்?"

"இல்ல. ரொம்ப உயரம் போயிருக்காங்க."

"அந்தம்மா கைத்தடி வெச்சிருந்தாங்க. அது வேற தனியா விழும், ஜாக்கிரதை" என்றார் தலைவர்.

கொஞ்ச நேரத்தில் மதிவதனி படியேறி வந்தாள். புதுப் புடவை, தலை நிறையப் பூ. "அப்பா! இங்க என்ன பண்றீங்க? அவங்க வந்து கேசரி சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. உங்களை எங்கேன்னு கேக்கறாங்க."

"யாரும்மா?"

"அத்தைப்பா. அவரோட அம்மா."

"அது வேற யாராவதா இருக்கும்மா" என்றார் சிவக்கொழுந்து, வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "மாப்பிள்ளையோட அம்மா மேல போயிருக்காங்க. நாங்க அவங்களுக்காகத்தான் நிக்கறோம். போய் அந்தம்மாவை நல்லா கவனிச்சுக்க. யாரா இருந்தாலும் வீட்டுக்கு வந்தவங்க."

மதிவதனி இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். அப்பாவின் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து பட்டு வேட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் தன் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

மறுபடி வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது. "அப்பா, நீங்க இங்க என்ன பண்றீங்கன்னு சொன்னேன். அத்தை கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிச்சாங்க. அப்புறம், 'எனக்கு ஒண்ணு ஆயிடக்கூடாதுன்னு வெயில்ல நிக்கறாராடி உங்கப்பா? கிறுக்குப் பிடிச்சவரா இருந்தாலும் பாசக்கார மனுஷன்தான். எனக்குச் சம்மதம்னு போய்ச் சொல்லு'ன்னு சொன்னாங்க."

சிவக்கொழுந்து ஓவென்று அழுதார். சந்தோஷத்தில் அழும்போதும் முனையை மட்டும் விடவில்லை. "சார், இறுக்கிப் பிடிங்க சார்" என்று எங்களைக் கேட்டுக்கொண்டார். "சம்மதம் சொன்னவங்க பத்திரமா வந்து சேரணும்."

சாயங்காலம் வரைக்கும் நின்றோம். கை மரத்துவிட்டது. எதேச்சையாகக் கைப்பிடிச் சுவர் வழியே கீழே எட்டிப் பார்த்த டீச்சர், "அதோ! அதோ!" என்று கத்தினார். அகிலாண்டம்மாள் வெற்றிலை பாக்குப் பையோடு காரில் ஏறிக்கொண்டிருந்தார்.

"எப்ப இறங்கினாங்க?" என்றார் தலைவர் திகைத்துப் போய். "ஜமக்காளத்துல விழலையே?"

"காத்து தள்ளியிருக்கும்" என்றார் டீச்சர். "அந்தப் பக்கமா இறங்கிட்டாங்க."

"அடி கிடி படலையே?"

"எப்படிப் படும்? நாம பிடிச்சுக்கிட்டு நின்னோமே!"

"நாம பிடிச்சுக்கிட்டு நின்னோமே!" என்று எத்திராஜுலு கண் கலங்கினார்.

கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. பூங்கொடியிலும் லிஃப்ட் தகராறு ஒரேயடியாகத் தீர்ந்துவிட்டது. ஆறு பேரைத் தேட வேண்டாம், ஒருத்தரே போகலாம் என்று தீர்மானத்தைத் திருத்திவிட்டார்கள். ஏறுவதற்கு முன்னால் வாட்ஸப் குரூப்பில் ஒரு வார்த்தை போட்டால் போதும். அந்த வாரத்து முறைக்காரர்கள் நாலு பேர் மொட்டை மாடிக்குப் போய் ஜமக்காளத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, "ரெடி, ஏறலாம்!" என்று குரல் கொடுப்பார்கள்.

போன வாரம் மாமனார் வீட்டுக்கு வந்திருந்த மாப்பிள்ளை இளம்பரிதி, படியில் இந்த நாலு பேரைப் பார்த்தார். ஜமக்காளத்தைச் சுமந்துகொண்டு, நாக்குத் தள்ள, ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தார்கள். அவருக்கே பாவமாகப் போய்விட்டது.

"ஏன் டீச்சர் இப்படிக் கஷ்டப்படறீங்க? மேல வரைக்கும் லிஃப்ட்லயே போகலாம் இல்ல?"

டீச்சர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு வாங்கி, அவரை மேலும் கீழும் இரக்கத்தோடு பார்த்தார்.

"போகலாம் மாப்ள. ஆனா எங்களுக்கு யாரு ஜமக்காளம் பிடிக்கிறது?"